பிடுங்கலியல்: ஒரு முன்னாய்வு

ஆங்கிலத்தில் 'லெவி' என்றொரு சொல் இருக்கிறது. அகராதியில் வரி விதித்தல், வசூலித்தல், படைக்கு ஆள் திரட்டுதல், கடனுக்குச் சொத்தை ஜப்தி செய்தல் என்று வரிசையாகப் பொருள் சொல்கிறார்கள். வேரைத் தோண்டிக்கொண்டே போனால் பிரெஞ்சு மொழியில் 'தூக்குதல்' என்ற இடத்தில் கடப்பாரை நிற்கிறது. மேல்நாட்டு அறிஞர்கள் இதைப் பெரிய கண்டுபிடிப்பாகக் கருதுகிறார்கள். லெவி நெல் காலத்தில் களத்து மேட்டில் நின்று மூட்டை தூக்கப்படுவதைக் கண்ணால் பார்த்த நம் விவசாயிக்கு இதற்காக அகராதி தேவைப்பட்டிருக்காது.

விதிப்பதும் எடுப்பதும் ஒரே காரியம்தான் என்பதை அவர்கள் ஒரே சொல்லில் மூடி வைத்திருக்கிறார்கள். தமிழுக்கு அந்தச் சிக்கனம் கிடையாது. பிடிப்பது, கழிப்பது, கறப்பது, கிள்ளுவது, உருவுவது, வழிப்பது, சுரண்டுவது, அமுக்குவது, சுருட்டுவது, லவட்டுவது, தீட்டுவது, ஆட்டையைப் போடுவது என்று நம்மிடம் ஒரு தனி நிகண்டே இருக்கிறது. பல்கலைக்கழகங்கள் இன்னும் இதற்கு ஒரு இருக்கை அமைக்கவில்லை. அந்தக் குறையைப் போக்கும் முதல் முயற்சியே இக்கட்டுரை.

வரையறை

பிடுங்கலியலாவது, ஒருவர் கையிலுள்ள பணம் அவர் விருப்பத்துக்கு மாறாகவோ, விருப்பம் கேட்கப்படாமலோ, விருப்பம் இருப்பதாகக் கற்பித்துக்கொண்டோ இன்னொருவர் கைக்கு இடம்பெயர்வதை ஆராயும் துறை. மூன்றாவது வகைதான் எண்ணிக்கையில் மிகுதி.

திருட்டு இத்துறையில் சேராது. திருடன் ரசீது கொடுப்பதில்லை. அடுத்த மாதம் அதே தேதியில் வந்து நிற்பதும் இல்லை. இவ்விரண்டில் ஒன்றாவது இருந்தால்தான் அது பிடுங்கல். அப்படியானால் மாமூலை எங்கே வைப்பது என்று ஒரு மாணவர் எழுந்து கேட்கக்கூடும். மாமூலுக்கு ரசீது இல்லைதான். ஆனால் தேதி தவறாது. அந்தச் சொல்லே அரபியில் 'வழக்கமாக நடப்பது' என்ற பொருளுடையது. எனவே அது ஒழுங்கின் வழியாக உள்ளே நுழைந்துவிடுகிறது.

இங்கே இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். வசூல், பாக்கி, ஜப்தி, கிஸ்தி, ரசீது, ஜமாபந்தி எல்லாம் அரபியும் பாரசீகமும் தந்த சொற்கள். எடுக்க வந்தவர்கள் தமக்கு வேண்டிய சொல்லைக் கையோடு கொண்டுவந்தார்கள். ஆட்சி போனது, சொல் போகவில்லை. இன்றைக்கும் தாலுகா அலுவலகத்தில் ஆண்டுதோறும் ஜமாபந்தி நடக்கிறது. வருவாய்த்துறைக் கணக்கு ஜூலையில் பிறக்கும் பசலி ஆண்டைத்தான் பார்க்கிறது. பறிகொடுத்தவனுக்கு மட்டும் அவர்கள் எந்தச் சொல்லும் கொடுக்கவில்லை. அவன் தன் தோட்டத்திலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் அடுப்படியிலிருந்தும் சொற்களை எடுத்துக்கொண்டான். ஆக, நடந்த காரியம் ஒன்று. அதற்கு எடுத்தவன் அகராதியில் ஒரு பெயர், பறிகொடுத்தவன் அகராதியில் வேறொரு பெயர். இவ்விரண்டு அகராதிகளும் எந்தப் பக்கத்திலும் ஒத்துப்போவதில்லை என்பதே இந்த ஆய்வின் மையக் கருதுகோள்.

நூற்பாவும் உரையும்

இத்துறைக்கு இலக்கணம் இல்லாமையால் யாமே ஒரு நூற்பா யாத்தோம்:

கொடுப்போன் அறியக் கொள்வது பிடித்தம்;
அறியா தெடுப்பது அமுக்கல், அவன்தலை
தடவி எடுப்பது தள்ளு படியே.

என்பது சூத்திரம். இஃது என்னுதலிற்றோ எனின், பிடுங்கலின் முத்திறம் உணர்த்துதல் நுதலிற்று.

'கொடுப்போன்' என்றது உபசார வழக்கு. அவன் கொடுத்திலன், எடுக்கப்பட்டான். 'அறிய' என்றது சம்பளச் சீட்டில் அச்சாகி இருத்தலை. அவன் அதைப் படித்துப் புரிந்துகொண்டான் என்று கொள்ளற்க. 'அமுக்கல்' என்பது கடைக்கு அனுப்பப்பட்ட சிறுவன் மீதிச் சில்லறையில் இரண்டு ரூபாயைக் கால்சட்டைப் பைக்கு மாற்றுதல் முதலாயின. தள்ளுபடியைக் கொள்வோன் மகிழ்ந்தே கொள்வானாக, அதனைப் பிடுங்கலில் வைத்தது என்னையெனின், ஆனியில் வங்கியிலிருந்த பணத்தை ஆடி கழிந்து ஆவணியில் காட்டமாட்டாமையின் என்க. ஈற்றேகாரம் தேற்றம்.

மூன்றில் தலையாயது பிடித்தம். ஓர் அரசு ஊழியரின் சம்பளச் சீட்டை மேசைமேல் விரித்து வைத்தால், இடது பக்கம் அடிப்படை ஊதியம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி என்று மூன்று நான்கு வரிகள் மெதுவாக நடக்கும். வலது பக்கத்தில் வருமான வரி, தொழில் வரி, சேமநல நிதி, காப்பீடு, பண்டிகை முன்பணத் தவணை, சிக்கன நாணயச் சங்கக் கடன் என்று கூட்டம் நெரியும். இடது பக்கத்துக்குத் தலைப்பு 'ஊதியம்'. வலது பக்கத்துக்குத் தலைப்பு 'பிடித்தங்கள்'. மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் இடது பக்கத்தைக் கேட்பார்கள், பெண்ணின் தாய்மாமன் மட்டும், "அதெல்லாம் சரிங்க, பிடித்தம் போகக் கைக்கு என்ன வரும்?" என்பார். பிடுங்கலியலில் நம் நாட்டில் முறையான பயிற்சி பெற்ற ஒரே வகுப்பார் தாய்மாமன்கள்தாம்.

இந்தப் பட்டியலில் தொழில் வரி மட்டும் ஒரு விந்தை. அரசியலமைப்பின் 276-ஆம் பிரிவு இதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டியிருக்கிறது. 1988-இல் 250-லிருந்து அந்த அளவுக்கு உயர்த்தினார்கள், அங்கேயே நின்றுவிட்டது. இவ்வளவு காலம் ஏறாமல் நிற்கிற ஒன்றைப் பிடுங்கல் என்று அழைப்பது முறையா என்று இத்துறையில் கருத்து வேறுபாடு உண்டு. ஏறாத ஒன்றுக்கும் நாம் முணுமுணுக்கத் தவறுவதில்லை என்பதால் சேர்த்துக்கொள்ளலாம்.

பிடித்தங்களின் தாயான வருமான வரியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வில்சன். 'தி எக்கனாமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கியவர் அவரே. 1857 கலகத்தில் கஜானா காலியாகிவிட்டதால் 1860-இல் இந்த வரியைப் புகுத்தினார். அப்போது சென்னை ஆளுநராக இருந்த சார்லஸ் டிரவெல்யன் இது கூடாது என்று வெளிப்படையாக எதிர்த்தார். எதிர்ப்பைப் பத்திரிகைக்கும் கொடுத்துவிட்டார். லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. வரி நிலைத்தது, ஆளுநரைத் தூக்கிவிட்டார்கள். வில்சனும் அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் காலமானார். 'லெவி' என்ற சொல்லின் வரி விதித்தல், தூக்குதல் என்ற இரண்டு பொருளுக்கும் ஒரே ஆண்டில் ஒரே விவகாரத்தில் சான்று கிடைப்பது ஆய்வாளருக்கு வாய்க்கும் பேறு.

வேளாண் சான்றுகள்

பறிகொடுத்தவன் அகராதிக்கு வருவோம். அதிலுள்ள சொற்களை அகர வரிசையில் அடுக்குவது பயனற்ற வேலை. எடுத்த பின் மிஞ்சியிருப்பது மறுபடி தழைக்குமா என்ற ஒரே அளவுகோலை வைத்து அடுக்க வேண்டும். நம் முன்னோர் சொல்லிலேயே அந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார்கள்.

கிள்ளல்: கீரைக்குரியது. கொழுந்து போனால் பக்கவாட்டில் இரண்டு தழையும். அலுவலகத்தில் யாருக்கோ பிரிவுபசார விழா என்று தலைக்கு நூறு ரூபாய் கேட்பது கிள்ளல்.

பறித்தல் காய்க்குரியது, மரம் நிற்கும். கறத்தல் மாட்டுக்குரியது. இங்கே கறப்பவனுக்கும் ஒரு கடமை வருகிறது. மாடு நாளைக்கும் உயிரோடு இருக்க வேண்டும்; எனவே தவிடும் புண்ணாக்கும் வைத்தாக வேண்டும். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நல்லா கறக்கிறாங்க" என்று சொல்பவர் உறவு இன்னும் அறுந்துபோகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறார்.

உருவுதல் முருங்கைக்கீரைக்கு. காம்பின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் இலை முழுவதும் கைக்கு வந்துவிடும்; ஈர்க்கு மட்டும் மிஞ்சும். மருத்துவமனை ரசீதுக்கு இதைவிடப் பொருத்தமான வினையை இந்த ஆய்வாளர் இன்னும் சந்திக்கவில்லை. வழித்தல் மாவு அரைத்த உரலுக்கு. விரலால் வழித்த பிறகு உரலைக் கழுவவே வேண்டாம். சுரண்டல் தேங்காய் மூடிக்கு. வெள்ளை தீர்ந்து கொட்டாங்கச்சியின் பழுப்பு துருவலோடு சேர்ந்து வரும்போது, "போதும், நிறுத்து" என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் வரும். பொருளாதாரச் சுரண்டலுக்கு அப்படிக் குரல் கொடுக்க ஆள் இல்லாததால்தான் அது அரசியல் மேடைக்குப் போய்விட்டது.

கடைசியில் பிடுங்கல். மரவள்ளிக்கும் களைக்கும் உரியது. வேரோடு வருவது. அதற்கு நாளை என்பது கிடையாது.

மொட்டையடித்தலை இந்த வரிசையில் எங்கே வைப்பது என்பது நெடுநாளைய சிக்கல். முடி முளைக்கும் என்பதால் கீரைப் பக்கம் வைக்க வேண்டும். அடித்தவுடன் தெரியும் காட்சியைப் பார்த்தால் பிடுங்கல் பக்கம் வைக்க வேண்டும். இதில் ஒரு முரணும் உண்டு. இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 செப்டம்பர் முதல் மொட்டைக்குக் கட்டணம் இல்லை. கோயிலில் இலவசமாகக் கிடைக்கிற அதே சேவைக்கு ஊருக்குள் மனை வாங்கப் போனால் லட்சக்கணக்கில் ஆகிறது.

இந்தத் தழைத்தல் கொள்கையை முதலில் எழுதி வைத்தவர் பிசிராந்தையார். பாண்டியன் அறிவுடை நம்பிக்கு அவர் சொன்ன புறநானூற்றுப் பாட்டு எல்லோருக்கும் தெரியும். சிறு வயலானாலும் விளைந்ததை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும். யானையே வயலுக்குள் இறங்கிவிட்டால் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். இதை வரிக்கொள்கை பற்றிய அறிவுரை என்றே எல்லோரும் படிக்கிறார்கள். பிடுங்கலியல் நோக்கில் பார்த்தால், கவளம் வாங்கித் தின்னும் யானை கறத்தல் வகை, வயலில் இறங்கிய யானை பிடுங்கல் வகை. யானை ஒன்றுதான். வள்ளுவரோ இந்த வகைப்பாட்டுக்கே காத்திருக்கவில்லை. கோலோடு நின்று கேட்கும் மன்னனும் வேலோடு நின்று கேட்கும் கள்வனும் ஒன்று என்று இரண்டு அகராதிகளையும் ஒரே குறளில் போட்டுத் தைத்துவிட்டார்.

கல்வெட்டுச் சான்றுகள்

பல்லவர் செப்பேடுகளில் வரிப் பெயர்கள் சாரிசாரியாக வருகின்றன. குயவருக்குக் குசக்காணம், தறிக்கு ஒன்று, செக்குக்கு ஒன்று, தரகுக்கு ஒன்று, கள் இறக்குவோருக்கு ஈழம்பூட்சி. கல்யாணத்துக்குக் கண்ணாலக்காணம் என்று தனியே ஒன்று. பல்லவன் திருமணத்துக்கு ஒரே ஒரு காணம்தான் விதித்தான் என்பதை இன்றைய மண்டபக்காரர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். மண்டப வாடகை தனி, மின்சாரம் ரீடிங்படி தனி, ஜெனரேட்டர் டீசல் தனி, பாத்திரம் கழுவுதல் தனி, குப்பை அள்ளுதல் தனி, உடையாத நாற்காலிக்கு வைத்த முன்பணத்தில் உடைந்ததாகக் கழிப்பது தனி. பிற்காலத்தில் ஒருவர் இந்த ரசீதைத் தோண்டி எடுத்தால் பல்லவரைவிடப் பெரிய பேரரசு என்றுதான் முடிவு கட்டுவார்.

ஆனால் அந்தச் செப்பேடுகளில் இன்னொரு செய்தி இருக்கிறது. அங்கே வரிகளின் பட்டியல் வசூலிப்பதற்காக எழுதப்பட்டதில்லை. தானமாகக் கொடுத்த ஊருக்கு இன்னின்ன வரியெல்லாம் கிடையாது என்று விலக்குவதற்காக எழுதப்பட்டது. பரிகாரம் என்று அதற்குப் பெயர். வாங்கிக்கொண்டிருந்தவரை யாரும் செம்பில் பொறிக்கவில்லை. விட்டுக்கொடுத்த இடத்தில்தான் பெயர் நிலைத்தது. முதலாம் குலோத்துங்கன் இதையே பட்டமாக்கிக்கொண்டான். 1070-இல் அரியணை ஏறிய அவனுக்கு எத்தனையோ வெற்றிகள் உண்டு. ஆனாலும் பள்ளிக்கூடப் பையனுக்கு நினைவிருப்பது 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்பதுதான்.

அதே சுங்கம் ஆங்கிலேயர் காலத்தில் ஊர்ப் பெயராகிவிட்டது. கோவையில் சுங்கம் என்று கேட்டு இறங்குகிறார்கள். திருச்சியில் நம்பர் ஒன் டோல்கேட் என்று கண்டக்டர் கூவுகிறார். அந்த இடங்களில் பழைய வசூல் போய்விட்டது, பெயர் அசையவில்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் சரக்குக்குப் புலி முத்திரை குத்தி உல்கு வாங்கியதைப் பட்டினப்பாலை விரிவாகச் சொல்கிறது. அந்தப் புலிக்கு இன்றைய வாரிசு காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக். 2021 பிப்ரவரியில் அது கட்டாயமானது. முன்பு கண்ணாடியை இறக்கி, நோட்டை நீட்டி, சில்லறைக்குக் காத்திருந்து, "ரோடு போட்ட காசு இன்னுமா தீரல?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம். இப்போது கேட்பதற்கு ஆள் இல்லை. பத்து கிலோமீட்டர் தாண்டிய பிறகு கைப்பேசி 'டிங்' என்கிறது.

தண்டல் என்ற சொல்லின் கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். தண்டுதல் என்றால் வரி திரட்டுதல், அரசாங்கச் சொல். இப்போது வடசென்னைச் சந்தைகளில் நாள்கணக்கில் வசூலாகும் கடனுக்குப் பெயர் தண்டல். பத்தாயிரம் என்று பேசி, வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறு கையில் தருவது. நாளுக்கு நூறாக நூறு நாளில் முழுப் பத்தாயிரத்தையும் வாங்கிக்கொள்வது. மாலையில் ஒரு பைக் வந்து நிற்கும். பூக்காரம்மா முழம் போடுவதை நிறுத்தாமலே இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்ப்பார். அட்டையில் ஒரு கட்டத்தில் கையெழுத்து விழும். கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. சோழனின் அதிகாரி குடவோலையோடு மறைந்தார், அவருடைய சொல் மட்டும் பைக்கில் வருகிறது.

சேதாரம்: தனி ஆய்வு

உலகப் பிடுங்கலியலுக்குத் தமிழகத்தின் தனிக் கொடை சேதாரம். இதை விளக்காமல் விட்டால் ஆய்வு முழுமை பெறாது.

ஒரு பவுன் சங்கிலி வாங்குகிறோம். எட்டு கிராம். தராசில் எட்டுதான் காட்டுகிறது. விற்பனைப் பெண் தட்டைத் திருப்பி நமக்கும் காட்டுகிறார். பிறகு கால்குலேட்டரில் விரல் ஓடுகிறது. சேதாரம் பன்னிரண்டு சதவீதம் என்றால் கணக்கில் சங்கிலியின் எடை 8.96 கிராம் ஆகிறது. அந்த 0.96 கிராம் எங்கே? செய்யும்போது சேதமாகிவிட்டது. அதற்கும் அன்றைய விலையே. இல்லாத அந்தத் தங்கத்தையும் சேர்த்த மொத்தத்துக்கு மூன்று சதவீத ஜி.எஸ்.டி. ஆக, கண்ணால் காணாத ஒன்றை விலை கொடுத்து வாங்கி, அதற்கு அரசாங்கத்துக்கு வரியும் கட்டிவிட்டு, பையை வாங்கிக்கொண்டு, கொடுத்த குளிர்பானத்தையும் குடித்துவிட்டு வருகிறோம். சமய தத்துவத்தில் 'இல்பொருள்' பற்றி நடந்த வாதங்களெல்லாம் இந்த ரசீதின் முன் நிற்காது. இல்பொருளுக்கு எடை உண்டு, விலை உண்டு, வரியும் உண்டு.

சேதமான தங்கம் உண்மையிலேயே அழிந்துவிட்டதா என்றால், பட்டறைகளைக் கேளுங்கள். ராவும்போது உதிரும் தூளைப் பட்டறைக்காரர்கள் தரையோடு கூட்டி வைப்பார்கள்; அந்தத் தூசியை விலைக்கு வாங்கி அலசித் தங்கம் எடுப்பதே ஒரு தொழில். பட்டறைத் தெருச் சாக்கடை மண்ணை அள்ளிப் பிழைப்பவர்களும் உண்டு. வாங்கியவர் கணக்கில் மட்டும்தான் அது சேதாரம்.

இன்னும் நுட்பமானது பழைய நகையை மாற்றப் போகும் நாள். வாங்கும்போது சேதாரம் என்ற பெயரில் கூட்டியதை விற்கும்போது அழுக்கு, அரக்கு, கல் எடை, உருக்குக் கழிவு என்று வேறு வேறு பெயர்களில் கழிப்பார்கள். கூட்டலுக்கு ஒரு சொல், கழித்தலுக்கு நான்கு சொல். நடுவில் விற்பனையாளர் குரலைத் தாழ்த்தி, "உங்களுக்காக மேனேஜர்கிட்ட பேசி ரெண்டு பர்சன்ட் குறைச்சிருக்கேன் சார், வெளிய சொல்லாதீங்க" என்பார். பக்கத்து மேசையிலும் அதே குரல் தாழ்ந்துகொண்டிருக்கும். நூற்பாவில் 'தலை தடவி' என்றது இதனை.

'செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை' என்று விளம்பரம் செய்யும் கடைகளைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்றால், அவர்கள் குலோத்துங்கன் மரபினர். கிராம் விலையைப் பக்கத்துக் கடையோடு ஒப்பிட்டுவிட்டுப் பட்டம் கொடுக்கலாம்.

வகைப்படுத்தல் பற்றி ஒரு குறிப்பு

இத்தகைய ஆய்வுகளில் எமக்கு முன்னோடி யார் என்றால் அரசாங்கமே. பரோட்டா ரொட்டி ஆகுமா, ஆகாதா என்பதை 2020-இல் கர்நாடகத்தின் முன்தீர்ப்பு ஆணையம் ஆழ்ந்து ஆராய்ந்து, ஆகாது என்று கண்டு, 18 சதவீதத்தில் வைத்தது. 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் பாப்கார்னை மூன்றாகப் பிரித்து விளக்கியது: உப்பும் மசாலாவும் போட்டு உதிரியாக விற்றால் 5, பொட்டலம் கட்டிப் பெயர் ஒட்டினால் 12, சர்க்கரைப் பாகு கலந்தால் 18. அதே ஆண்டு செப்டம்பரில் கோவை ஓட்டல்காரர் ஒருவர், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே வைக்கும் க்ரீமுக்கு 18 என்றால் பில் எப்படிப் போடுவது என்று நிதியமைச்சர் முன்னிலையிலேயே கேட்டார். கேள்வியில் தவறொன்றும் இல்லை. அடுத்த ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதியிலிருந்து அடுக்குகளைக் குறைத்துவிட்டார்கள். பரோட்டாவுக்கும் விடுதலை கிடைத்தது. நாட்டின் நலனுக்கு நல்லது, இத்துறைக்குப் பேரிழப்பு.

இல்லறவியல்

வீட்டில் நடப்பவை அளவில் சிறியவை, நுட்பத்தில் பெரியவை. துவைக்கப் போடும் சட்டையின் பையில் கிடைத்தது துவைப்பவருக்கு என்பது சட்டமன்றத்தில் நிறைவேறாத சட்டம். இங்கே வினைச்சொல் கவனிக்கத்தக்கது. 'எடுத்தேன்' என்று எந்த இல்லத்தரசியும் சொல்வதில்லை. 'எடுத்து வெச்சேன்' என்பார். 'வை' என்ற துணைவினை ஒரு பிடித்தத்தை வைப்புநிதியாக மாற்றிவிடுகிறது. அந்த நிதி போய்ச் சேரும் இடங்கள் கடுகு டப்பா, துவரம்பருப்புத் தூக்கு, பீரோவில் பட்டுப்புடவை மடிப்பு. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பிறகு நாடெங்கும் சமையலறைகளில் பெரும் அகழாய்வு நடந்தது. கடுகு அடுக்கிலிருந்தும் மிளகு அடுக்கிலிருந்தும் நோட்டுகள் வெளிப்பட்டன. இத்தனை ஆண்டுகளாகத் தன் பையிலிருந்து என்ன போயிருக்கிறது என்று கணவன்மார் முதன்முறையாக மொத்தமாகப் பார்த்தார்கள். போனது என்று நினைத்தது வீட்டிலேயே இருந்திருக்கிறது. இவர்கள் கையில் இருந்திருந்தால் இருந்திருக்காது. எடுத்தது திரும்பி வந்ததற்கு இத்துறையில் கிடைத்த ஒரே பெருஞ்சான்று இதுதான்.

பேருந்துக்கு வருவோம். பன்னிரண்டு ரூபாய் டிக்கெட்டுக்கு இருபது கொடுத்தால் கண்டக்டர் சீட்டின் பின்புறம் 8 என்று கிறுக்கிக் கொடுப்பார். இது தற்காலிகப் பிடித்தம். அந்தக் கணத்திலிருந்து ஜன்னலுக்கு வெளியே என்ன நடந்தாலும் பயணியின் கண் கண்டக்டரின் தோல்பையை விட்டு அகலாது. நம் நிறுத்தம் வரும்போது அவர் முன்படிக்கட்டில் இருப்பார், நாம் பின்படிக்கட்டில் இருப்போம். இடையில் நாற்பது பேர். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே அந்தப் பேருந்துகளில் இவ்வகைப் பிடித்தம் பெரும்பாலும் ஆண்பாற்கே உரியது என்று இலக்கணம் திருத்திக்கொள்க.

எல்லாம் ஒரே திசையில்தானா, வாங்குபவன் விற்பவனிடம் எதையும் கிள்ளுவதே இல்லையா என்றால், உண்டு. அதற்குப் பெயர் கொசுறு. கத்தரிக்காய் நிறுத்து முடித்த பின் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "கொஞ்சம் கறிவேப்பிலை போடும்மா" என்பது. கேட்பவர் கேட்காதது போலக் கேட்பார், கொடுப்பவர் கோபித்துக்கொண்டே கொடுப்பார். இது குடிமக்கள் விதித்த ஒரே வரி. வசூலிக்க அலுவலகம் இருந்ததில்லை, பாக்கி வைத்தவரும் இல்லை. இன்று அதே கறிவேப்பிலை கட்டுக் கட்டி, விலை ஒட்டி, குளிர்ப்பெட்டியில் வைத்து விற்கப்படுகிறது. குடிமக்களின் வரி ரத்தாகிவிட்டது. ரத்து செய்தவர் எவரும் கொசுறு தவிர்த்த சோழர் என்று பட்டம் கேட்கவில்லை.

முடிவுறாச் சிக்கல்

ஒரு வகையை மட்டும் எந்த அகராதியிலும் வைக்க முடியவில்லை. வங்கிக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்பதற்காக விதிக்கப்படும் அபராதம். பணம் இல்லை என்ற காரணத்துக்காகவே பணம் எடுக்கப்படுகிறது. எடுத்ததனால் இருப்பு இன்னும் குறைகிறது. குறைந்ததனால் அடுத்த மாதமும் எடுக்கப்படுகிறது. கிள்ளலில் கொழுந்து இருக்க வேண்டும், கறத்தலில் மடி இருக்க வேண்டும், வழித்தலில் மாவாவது ஒட்டியிருக்க வேண்டும். இங்கே எதுவும் இல்லை. வள்ளுவரின் கள்வன்கூட வேலோடு நிற்பது கையில் ஏதோ இருக்கிறவன் முன்னால்தான். வெறும் உரலை வழிப்பதற்குத் தமிழில் வினைச்சொல் இல்லை. இருக்கவேண்டிய தேவையும் இதுவரை வந்ததில்லை.

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வட்டாரத்தில் இதற்குச் சொல் இருந்தால் எழுதி அனுப்புங்கள். நெல்லை, குமரி, கொங்குப் பகுதிகளிலிருந்து வரும் சொற்களுக்கு முன்னுரிமை உண்டு. ஏற்கப்படும் சொல்லுக்குச் சிறு சன்மானம் தரப்படும். தபால் செலவு, பரிசீலனைக் கட்டணம், சேதாரம் ஆகியவை அதில் பிடித்தம் செய்யப்படும்.